2011 டர்போ பெட்ரோல்: ஏற்காடு ஏற்றத்தில் மட்டும் மிஸ்ஃபயர், மூன்று மாதமாகத் தீரவில்லை

சேலம்_செடான்:

வணக்கம். என்னிடம் இருப்பது 2011 மாடல், 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். 1,24,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி. அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன், விற்க மனசு வரவில்லை.

ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. பைபாஸில் 100-இல் போனாலும் வெண்ணெய் மாதிரி போகிறது. ஏற்காடு மலை ஏறும்போது மட்டும், அதுவும் ஐந்தாறு ஹேர்பின் வளைவு தாண்டி இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, இரண்டாம் கியருக்கு மாற்றி ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. இரண்டு மூன்று விநாடிதான். அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. சில நாள் இருபது வளைவும் ஏறி இறங்கினாலும் ஒரு தடவைகூட வருவதில்லை.

கோளாறைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் பி0303 (மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் பற்றாமல் போவது), பி0300 (எந்த சிலிண்டர் என்று சொல்லாத மிஸ்ஃபயர்) என்ற இரண்டு எரர் கோடும் வருகின்றன. ஒரே ஒரு தடவை பி0353 பெண்டிங்கில், அதாவது இன்னும் உறுதியாகாத நிலையில், இருந்தது. அழித்த பிறகு திரும்ப வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

இதுவரை நான்கு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குப் பொறி மின்சாரம் தரும் நான்கு காயில், ஏர் ஃபில்டர் எல்லாம் புதிதாக மாற்றியாகிவிட்டது. ஏர் ஃப்ளோ சென்சரையும் கழுவிவிட்டார்கள். இப்போது ஒர்க்‌ஷாப்பில் மூன்றாம் சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்ற வேண்டும், இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும், 38,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

கொங்கு_டர்போ:

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் ப்ரோ. அந்த விளக்கு நிலையாக எரிவது வேறு, விட்டு விட்டு எரிவது வேறு. விட்டு விட்டு எரிந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அந்த நேரத்தில் காலை எடுத்துவிடுங்கள், மிதிக்காதீர்கள்.

ஏற்றத்தில் மட்டும் வருகிறது என்றால் என் சந்தேகம் பிளக் மேல்தான். டர்போ காற்றை அடைக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் பொறி இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். ஐடிலில் தாண்டும் பொறி பூஸ்டில், அதாவது டர்போ ஊதும்போது, தாண்டாது. புதுப் பிளக் என்றாலும் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போட்டிருப்பார்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து பாருங்கள். உங்கள் மேனுவலில் போட்டிருக்கும் அளவுதான் கணக்கு, டர்போவுக்குப் பெரும்பாலும் 0.7, 0.8 மி.மீ. பக்கம் இருக்கும்.

அளந்த கையோடு மூன்றாம் காயிலை ஒன்றுக்கும், மூன்றாம் பிளக்கை நான்குக்கும் மாற்றிப் போடுங்கள். கோடு பி0301 ஆக மாறினால் காயில், பி0304 ஆக மாறினால் பிளக். மூன்றிலேயே நின்றால் இரண்டும் இல்லை.

மழைச்சாரல்:

எந்த பங்கில் பெட்ரோல் போடுகிறீர்கள்? இப்போது வருவது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2011 வண்டியை அதை மனதில் வைத்துச் செய்யவில்லை. சுத்தமான பெட்ரோலுக்குக் காற்று-எரிபொருள் விகிதம் 14.7, ஈ20-க்கு சுமார் 13.5. இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கூடுதலாக ஊற்றிச் சமாளிக்கும், ஆனால் பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தால் ஏற்றத்தில் பற்றாது. இசியூ எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்று சொல்லும் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் எவ்வளவு காட்டுகிறது?

சேலம்_செடான்:

பதில் சொன்ன இரண்டு பேருக்கும் நன்றி. பிளக் இடைவெளி நான்கிலும் 0.8 இருந்தது, 0.7 வைத்தேன். காயிலையும் பிளக்கையும் ப்ரோ சொன்ன மாதிரியே இடம் மாற்றிப் போட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போய் வந்தேன். முதல் வாரம் ஒன்றுமே வரவில்லை, தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். இரண்டாம் வாரம் ஒன்பதாவது வளைவில் வந்தது. பி0303, அதே மூன்று.

ஃப்யூயல் ட்ரிம் ஐடிலில் +3, 2,500 ஆர்பிஎம்மில் +2. கம்ப்ரெஷன் நான்கிலும் 11.5 முதல் 12 பார்.

அப்படியானால் இன்ஜெக்டர்தானா? திங்கட்கிழமை வண்டியை விடச் சொல்கிறார்கள்.

பழைய_ஸ்பேனர்:

தம்பி, திங்கட்கிழமை விடாதீர்கள். கோயம்புத்தூரில் 26 வருஷம் இன்ஜின் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நீங்கள் ஓர் எரர் கோடை விட்டுவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பி0353, அதுதான் இத்தனையிலும் முக்கியம். பி0303 சொல்வது "மூன்றாம் சிலிண்டர் அடிக்கவில்லை" என்பது மட்டும்தான். இசியூ அதை, இன்ஜின் சுழலும் தண்டான கிராங்கைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் வழியாகத் தெரிந்துகொள்கிறது. ஒரு சிலிண்டர் அடிக்காமல் விட்டால் கிராங்க் சுற்றும் வேகம் ஒரு கணம் தளரும், அதை எண்ணுகிறது. ஏன் அடிக்கவில்லை என்று அதற்குத் தெரியாது. பி0353 அப்படி இல்லை. அது மூன்றாவது காயிலின் மின்சுற்றைப் பற்றிய கோடு. இன்ஜெக்டர் கெட்டால் அது வராது. காயில் புதிது, இடமும் மாற்றியாயிற்று. மிச்சம் இருப்பது கனெக்டரும் வயரும் இசியூவும்தான். இசியூ கடைசி.

ஏற்றத்தில் வந்தால் எல்லோரும் பூஸ்ட் என்று எடுத்துக்கொள்கிறோம். நானும் முன்பு அப்படித்தான் எடுத்துக்கொண்டு கைக்காசு போட்டுக் காயில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒன்று இருக்கும், கோடு விழுந்த நேரத்து நிலவரம் அதில் பதிந்திருக்கும். அழிக்காமல் அப்படியே இங்கே போடுங்கள்.

சேலம்_செடான்:

அண்ணா, அழிக்கவில்லை, நல்ல வேளை. 1,480 ஆர்பிஎம், வேகம் மணிக்கு 17 கி.மீ., கூலன்ட் 94 டிகிரி, மேனிஃபோல்டு அழுத்தம் 84 கிலோ பாஸ்கல்.

பழைய_ஸ்பேனர்:

நீங்கள் சொன்ன வளைவு பாதி மலை. அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே 90 சொச்சம் இருக்கும். மேனிஃபோல்டில் 84 என்றால் டர்போ இன்னும் ஊதவே ஆரம்பிக்கவில்லை. இது பூஸ்டில் வரும் மிஸ்ஃபயர் இல்லை.

அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். கிளட்சை விடுகிறீர்கள், இரண்டாம் கியர் பிடிக்கிறது, சரிவு பின்னால் இழுக்கிறது. மொத்த இன்ஜினும் அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டில் ஒரு பக்கம் சாய்கிறது. சாயும்போது இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் வயர் கட்டும் கூடவே இழுபடுகிறது. பைபாஸில் 100-இல் இன்ஜின் அசையாமல் நிற்கும், அதனால்தான் அங்கே வரவில்லை.

செய்ய வேண்டியது: இன்ஜின் ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இசியூ கனெக்டரையும் மூன்றாம் காயில் கனெக்டரையும் கழற்றுங்கள். வயரிங் படத்தைப் பார்த்து சிக்னல் வயர் எது என்று உறுதி செய்துகொண்டு, மல்டிமீட்டரை பீப்பில் வைத்து ஒரு முனை அந்த வயரில், மறுமுனை இன்ஜின் பாடியில். ஓசை வரக் கூடாது. இப்போது இன்னொருவரை இன்ஜினின் தூக்குக் கொக்கியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். பீப் வந்தால் வயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது. வரவில்லை என்றால் வயரின் இரண்டு முனைக்கும் மீட்டர் வைத்து ஆட்டுங்கள், அங்கே பீப் நிற்கக் கூடாது.

வயரை ஊசியால் குத்திப் பார்க்க வேண்டாம். குத்திய இடத்தில் ஈரம் இறங்கிப் பச்சை பிடிக்கும், அடுத்த வருஷம் அதுவே ஒரு பிரச்சினை. ஓடும் இன்ஜினில் காயிலைக் கழற்றிப் பார்ப்பதும் வேண்டாம். இன்ஜெக்டர் வயர் பக்கம் போகவே போகாதீர்கள், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் அதில் 60 வோல்ட்டுக்கு மேல் ஓடும்.

சேலம்_செடான்:

கிடைத்துவிட்டது அண்ணா. எழுதும்போது கை நடுங்குகிறது.

நேற்று மாலை மச்சானை வரச் சொன்னேன். அவன் கொக்கியைப் பிடித்து ஆட்டினான். முதல் நான்கைந்து தடவை ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் பலமாகப் பின்னால் தள்ளச் சொன்னேன். 'பீப்'. விட்டால் நின்றது, தள்ளினால் 'பீப்'. கேட்டதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பேட்டரி ட்ரேயைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், வயர் கட்டைப் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் உடைந்து பாதிதான் இருக்கிறது. மூன்று வருஷம் முன் கிளட்ச் மாற்றினார்கள், அப்போதுதான் உடைந்திருக்க வேண்டும். கிளிப் இல்லாததால் கட்டு தாழ்ந்து ஒரு இரும்பு பிராக்கெட்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. மேலே சுற்றிய துணி டேப் காய்ந்த வாழைச்சருகு மாதிரி கையோடு நொறுங்கி வந்தது. உள்ளே ஒரு வயரில் மட்டும் ஓர் அரிசி நீளத்துக்குத் தோல் தேய்ந்து செம்பு பளபளக்கிறது. அது படும் இடத்தில் பிராக்கெட்டிலும் பெயிண்ட் போய் ஒரு சின்னக் கோடு.

வலது பக்க மவுண்டையும் பார்த்தேன். அடியில் எண்ணெய் மாதிரி கசிந்து மண் ஒட்டியிருக்கிறது.

பழைய_ஸ்பேனர்:

மிக்க சந்தோஷம் தம்பி. கசிந்திருப்பது மவுண்டுக்குள் இருக்கும் ஹைட்ராலிக் திரவம். அது போனால் இன்ஜின் சாய வேண்டிய அளவைவிட அதிகம் சாயும், சூட்டில் ரப்பரும் இளகும். ஐந்தாறு வளைவுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது என்றீர்களே, அதற்கு இதுதான் காரணம். மவுண்டையும் சேர்த்து மாற்றுங்கள், வயரை மட்டும் ஒட்டிவிட்டு விட்டால் இன்னொரு இடத்தில் தேயும்.

தேய்ந்த இடத்தில் செம்பு இழை ஏதாவது அறுந்திருந்தால் வெட்டிவிட்டு, அதே தடிமனில் துண்டு வயர் சேர்த்து, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) போடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் டேப் வேண்டாம், சூட்டில் இளகி வழிந்துவிடும். பக்கத்து வயர்களையும் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பாருங்கள்.

கொங்கு_டர்போ:

நான் பூஸ்டையே பிடித்துக்கொண்டிருந்தேன். ஃப்ரீஸ் ஃப்ரேமை முதலில் கேட்டிருக்க வேண்டும். ப்ரோ, மூன்று மாதம் மிஸ்ஃபயரோடு ஓடியிருக்கிறது, கன்வெர்ட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றால் நல்லது. முன் சென்சார் மாதிரியே ஏறி ஏறி இறங்கினால் கன்வெர்ட்டர் போய்விட்டது.

சேலம்_செடான்:

வயர் வேலை முடிந்தது, மவுண்டும் மாற்றியாயிற்று. மவுண்டும் கூலியும் சேர்த்து 6,400 ரூபாய். இன்று அம்மாவை உட்கார வைத்து ஏற்காடு போய் வந்தேன், ஏசி போட்டு, வேண்டுமென்றே ஒவ்வொரு வளைவிலும் இரண்டாம் கியரில் இழுத்தேன். இருபது வளைவிலும் மூன்றாம் சிலிண்டர் மிஸ்ஃபயர் எண்ணிக்கை பூஜ்யம். பின் சென்சார் 0.6 முதல் 0.7 வோல்ட்டில் அசையாமல் நிற்கிறது.

போன தடவை நம்பி ஏமாந்தேன், அதனால் இன்னும் மூன்று வாரம் இதேபோல் ஏறிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். கழற்றி வைத்த பழைய காயில் நான்கும் நன்றாகத்தான் இருக்கின்றன அண்ணா, துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன்.