கணைக்கால் எலும்பில் வலி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காவலர் தேர்வுக்குத் தயாராகும் தம்பிகளோடு தினமும் காலையில் ஓடுகிறவன் நான். எழுத்துத் தேர்வு முடிகிற வரைக்கும் மைதானம் பக்கமே வராதவர்கள், திடீரென்று ஒருநாள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டுமே என்ற பதற்றத்தில், சோல் தேய்ந்த ஷூவோடு தார் ரோட்டில் இறங்கிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள்விளிம்பு ஓரமாக வலி பிடித்துக்கொள்ளும். ஓட ஆரம்பித்ததும் வலிக்கும், உடம்பு சூடானதும் குறையும், ஓடி முடித்தபின் திரும்ப வரும். பிசியோதெரபிஸ்டுகள் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்று சொல்வது இதைத்தான். "வலிக்க வலிக்க ஓடினால்தான் கால் உறுதியாகும், ஸ்பிரே அடித்துவிட்டு ஓடு" என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார், அதைக் கேட்டாலே எனக்கு ஆத்திரமாக வரும்.

அப்படி ஓடிய ஒரு தம்பியை உட்காரவைத்து, எலும்பு ஓரமாகக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில், ஐம்பது காசு அகலம்தான் இருக்கும், விரல் பட்டதுமே காலை உதறி இழுத்துக்கொண்டான். ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றான். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எலும்பு மருத்துவர் அதோடு விடாமல் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார், அதில் விரிசல் இருந்தது. ஆரம்பத்தில் இந்த மாதிரி விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜமாம். பரவலாக வலித்தால் தூரத்தைக் குறைத்து மண் தரைக்கு மாறுங்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். ஒரே புள்ளியில் வலித்தால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். அடுத்த தேர்வு வரும், எலும்பு முழுசாக முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான்.

* * *

அண்ணா, நான் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். வயிற்றுப்போக்கில் நீர் வற்றி மயங்கிய நிலையில் வரும் கைக்குழந்தைக்குக் கையிலும் காலிலும் எவ்வளவு தேடினாலும் ஊசி போட ரத்தக்குழாய் கிடைக்காது. அப்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, உள்பக்கம் தட்டையாக இருக்கும் இடத்தில் இதே கணைக்கால் எலும்புக்குள்ளேயே ஊசியை இறக்கி, மஜ்ஜை வழியாக சலைன் ஏற்றுவோம். அங்கே சதை கிடையாது, தோலுக்கு அடியில் நேரே எலும்புதான். கட்டில் விளிம்பில் இடித்தால் உயிர் போகிற மாதிரி வலிப்பதும் அதனால்தான், எலும்பைச் சுற்றியுள்ள சவ்வு முழுக்க உணர்ச்சி நரம்புகள். ஒருமுறை இதைப் பார்த்து அலறி அழுத ஒரு அம்மா, கொஞ்ச நேரத்தில் பிள்ளை கண்ணைத் திறந்து வீறிட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

* * *

எங்கள் சித்தப்பா பைக்கில் சறுக்கி விழுந்து கணைக்கால் முறிந்துபோனது. உடனே மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுப் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஆக ஆக வலி தாங்க முடியவில்லை, கால் விரலை லேசாக மேலே மடக்கினாலே கத்தினார், அப்புறம் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. ஆஸ்பத்திரியில் பார்த்தவுடன் கட்டைப் பிரித்து, நேரே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே சதை வீங்கி இடமில்லாமல் ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கிறது, தோலையும் சதையுறையையும் நீளமாகக் கீறிவிட்டால்தான் கால் தப்பும் என்று டாக்டர் விளக்கினார். கால் தப்பியது. கட்டு யார் போட்டாலும் சரி, மாவுக்கட்டாகவே இருந்தாலும் சரி, மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

* * *

வலியே இல்லாத ஒன்றும் இருக்கிறது. அம்மாவுக்குச் சாயங்காலமானால் கால் கனமாக இருக்கும், நின்று வேலை செய்வதால்தான் என்று எல்லோரும் நினைத்தோம். டாக்டர் கணைக்கால் எலும்பின் மேல் விரலை வைத்துச் சில நொடிகள் அழுத்தி எடுத்தார், குழி அப்படியே நின்றது. சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் போவது தெரிந்தது. இப்போது சிறுநீரக மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருக்கிறோம், உப்பைக் குறைத்திருக்கிறோம், வீக்கம் பாதியாகிவிட்டது.