"மூங்கில் துணி" என்று விற்ற சட்டையின் லேபிளில் "விஸ்கோஸ்": எதை நம்பி வாங்குவது?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கல்லூரிக்கு உடுத்திச் செல்வதற்காகச் சென்ற மாதம் இணையக் கடை ஒன்றில் 899 ரூபாய்க்கு ஒரு கறுப்பு டி-ஷர்ட் வாங்கினோம். "முழுவதும் மூங்கில், பூமிக்கு நல்லது, இயல்பாகவே கிருமிகளை எதிர்க்கும்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். இலைப்படம் அச்சிட்ட ஒரு பழுப்பு அட்டையும், துணிப்பை போலத் தெரிந்த ஒரு பச்சைப் பையும் அதனுடன் வந்தன. துவைக்கும் முன், பக்கத் தையலில் வைத்துத் தைத்திருந்த சின்ன லேபிளைப் புரட்டிப் பார்த்தேன். "95% விஸ்கோஸ், 5% எலாஸ்டேன்" என்று இருந்தது. மூங்கில் என்ற சொல்லே அதில் இல்லை.

விஸ்கோஸும் மூங்கிலும் ஒன்றுதானா? ஒன்றில்லை என்றால், அட்டையில் ஒன்றும் லேபிளில் வேறொன்றும் எழுத இவர்களுக்கு அனுமதி உண்டா? "அப்படியானால் பாதி விலைக்குச் சாதாரணப் பருத்தியே வாங்கியிருக்கலாமே அம்மா" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சுற்றுச்சூழலுக்கு நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவள் அவள். அந்த விருப்பத்தையே காசாக்குகிறார்களோ என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சாயலேப்

அம்மா, திருப்பூரில் 22 ஆண்டுகள் சாயப்பட்டறை ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பொய் சொல்லாதது அந்தச் சின்ன லேபிள்தான். மூங்கிலைக் கூழாக்கிக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துத் தேன் போன்ற கரைசலாக்கி, நுண்துளைகள் வழியே அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சி இழையாக எடுப்பதே விஸ்கோஸ். நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாக "ரேயான்" என்று வாங்குவதும் இதுதான். கூழ் மூங்கிலிலிருந்து வந்தாலும் யூகலிப்டஸிலிருந்து வந்தாலும், கரைந்து மீண்டும் இழையாகி வெளியே வருவது ஒரே செல்லுலோஸ், அதாவது தாவர நார்ப்பொருள். கார்பன் டைசல்பைடு ஆலைத் தொழிலாளரின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நச்சு. அதை வெளியே விடாமல் பிடித்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகளும் உண்டு, காற்றில் விட்டுவிடும் ஆலைகளும் உண்டு. எது எந்த ஆலையின் இழை என்பதை இலைப்படம் நமக்குச் சொல்லாது.

கிருமி எதிர்ப்பு என்பதும் அப்படியே. மூங்கில் செடிக்கு அந்தக் குணம் இருந்தாலும், இவ்வளவு வேதியியலைத் தாண்டி அது இழையில் தங்குவதில்லை. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2009-லேயே இதே கூற்றுக்காகச் சில விற்பனையாளர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. "மூங்கிலிலிருந்து செய்த ரேயான்" என்றுதான் எழுத வேண்டும் என்பது அங்கு விதி. அப்படியும் நிற்கவில்லை. 2022-ல் வால்மார்ட், கோல்ஸ் ஆகிய இரு பெரிய நிறுவனங்கள் இதற்காக மொத்தம் 55 லட்சம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டன.

அந்தப் பச்சைப் பையையும் ஒரு முறை பாருங்கள். ஊடும் பாவுமாக நூல் ஓடாமல், புள்ளி புள்ளியாக அழுத்தி ஒட்டியது போல இருந்தால் அது நான்-வோவன், அதாவது பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினால் சுருங்கி உருகிச் சொட்டும். பருத்தியாக இருந்தால் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். ஆனால் இந்தச் சோதனையைச் சட்டைக்குச் செய்து பயனில்லை. விஸ்கோஸும் பருத்தியும் ஒரே மாதிரிதான் எரியும்.

நுகர்வோர்பக்கம்

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப்பூச்சு விளம்பரங்களை, அதாவது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பொய்யாகக் காட்டும் விளம்பரங்களை, தடுப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. "இயற்கையானது", "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" போன்ற பொதுவான சொற்களை, தகுந்த விளக்கமும் நிரூபிக்கத்தக்க சான்றும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. கூற்று முழுப் பொருளுக்கா, ஒரு பகுதிக்கா, பொட்டலத்துக்கு மட்டுமா என்பதையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். எனவே விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து, லேபிளின் படத்தையும் பற்றுச்சீட்டையும் சேர்த்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். விற்பனைப் பக்கத்தை எந்த நேரத்திலும் மாற்றிவிடுவார்கள் என்பதால் முதலில் படத்தை எடுத்து வையுங்கள்.

பையைப் பற்றி ஒன்று. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் நான்-வோவன் பையும் இருக்கிறது.

அடுத்த முறை பருத்தி வாங்குவதாக இருந்தால் ஜிஓடிஎஸ் (இயற்கை முறையில் விளைந்த இழைத் துணிகளுக்கான உலகளாவிய தரநிலை) சான்று உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கீழ்நொய்யல்

சான்று என்ற ஒரு சொல்லோடு இதை முடித்துவிட வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். எங்கள் குடும்பத்தின் நிலம், திருப்பூரைத் தாண்டி நொய்யல் ஆற்றில் உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயக்கழிவுதான் தேங்கியது. உலகத்தில் எங்காவது அணையில் தண்ணீரைத் தேக்காதே என்று உழவர்களே கேட்டதுண்டா? நாங்கள் கேட்டோம். கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். தென்னைகள் குருத்திலேயே கருகின. உழவர்கள் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத ஏற்பாட்டைச் செய்த பிறகே திறக்கலாம் என்றது.

அந்த ஆண்டுகளில் ஆற்றில் ஓடிய சாயத்தில், இயற்கைப் பருத்தியில் ஏற்றிய சாயம் எது, சாதாரணப் பருத்தியில் ஏற்றிய சாயம் எது என்று எங்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வயலில் பூச்சிமருந்து அடிக்காமல் விளைந்த பருத்தி என்பது நல்ல செய்தி. ஆனால் அது துணியின் பயணத்தில் முதல் கட்டம். அதன் பிறகு நூற்பு, பின்னல், சலவை, சாயம், தையல், கப்பல் என்று எவ்வளவோ இருக்கிறது. விளம்பரம் முதல் கட்டத்தைக் காட்டி மற்றவற்றை மறைக்கும்போது, அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தாலும் அதை ஏமாற்று என்றே நான் சொல்வேன்.

சாயலேப்

கீழ்நொய்யல் சொல்வதை மறுக்க எனக்கு வாயில்லை. நான் கலந்து கொடுத்த நிறங்களும் அந்த ஆற்றில் ஓடியிருக்கின்றன.

பருத்தியில் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிமுறையில் பிணையும் சாயம்) பிடிக்க உப்பு வேண்டும். கறுப்பு, கடல்நீலம் போன்ற அடர்நிறங்களுக்கு ஒரு லிட்டர் தொட்டி நீருக்கு 60 முதல் 100 கிராம் வரை உப்புப் போடுவோம். வெளிர்நிறத்துக்கு அதில் பாதி கூட வேண்டியதில்லை. துணி எடுத்துக்கொள்வது சாயத்தை. உப்பு அப்படியே கழிவுநீரில் நிற்கும். விஸ்கோஸுக்கும் பெரும்பாலும் இதே சாயமுறைதான். 2011-க்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வழியே நீரைப் பிரித்து, எஞ்சிய உப்புக்கரைசலை ஆவியாக்கி, நீரையும் உப்பையும் பட்டறைகளுக்கே திருப்பித் தருகிறார்கள். உண்மையான முன்னேற்றம் இது. ஆனால் ஆவியாக்கக் கொதிகலன் எரிய வேண்டும். பிரிக்க முடியாத கலப்பு உப்பும் சேறும் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் சேர்கின்றன. எனவே நிறத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு சுற்றுச்சூழல் முடிவுதான்.

சான்றைப் பற்றி: ஜிஓடிஎஸ் சாயப்பொருள், கழிவுநீர், தொழிலாளர் நிலை ஆகியவற்றையும் பார்க்கிறது என்பதால் இழையை மட்டும் பார்க்கும் சான்றுகளைவிட மேல். ஆனால் 2020-ல் இந்தியாவில் ஏறத்தாழ 20,000 டன் பருத்திக்குப் போலி ஆவணங்கள் காட்டப்பட்டதை அந்த அமைப்பே கண்டுபிடித்து வெளியிட்டது. முத்திரையை மட்டும் பார்க்காமல், அதன் கீழ் உள்ள உரிம எண்ணை அவர்களுடைய இணையப் பட்டியலில் தேடிப் பாருங்கள். எண் இல்லாத முத்திரை வெறும் படம்.

மகளின் கேள்விக்கு என் பதில்: ஆம், வெளிர்நிறத்தில் நெருக்கமாகப் பின்னிய சாதாரணப் பருத்தியே வாங்கியிருக்கலாம். விஸ்கோஸ் ஈரத்தில் வலுக் குறையும். முறுக்கிப் பிழிந்தால் சீக்கிரம் உருக்குலையும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-ல் கடைப்பைகளை ஒப்பிட்டபோது, பருத்திப் பை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குக் காலநிலைக் கணக்கில் மட்டும் ஈடாகவே 52 முறை பயன்பட வேண்டும் என்று வந்தது. எல்லாக் கணக்குகளையும் சேர்த்தால் 7,100 முறை. மஞ்சப்பையானாலும் சட்டையானாலும் எத்தனை முறை கையிலும் உடம்பிலும் ஏறுகிறது என்பதில்தான் கணக்கு மாறுகிறது. ஆகவே வாங்கிய சட்டையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். முறுக்காமல் அலசி, நிழலில் உலர்த்தினால் சில ஆண்டுகள் வரும்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை மகளே பையின் ஓரத்தை வெட்டி விளக்கில் காட்டினாள். உருகிக் கறுப்பாகச் சொட்டியது. படங்களைச் சேர்த்து 1915-ல் புகார் பதிந்துவிட்டோம். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன். கீழ்நொய்யல் ஐயா, உங்கள் நிலம் "இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது அங்கே ஏதேனும் விளைகிறதா?

கீழ்நொய்யல்

இரண்டு ஏக்கரை விற்றுவிட்டோம் அம்மா. மீதியில் மழைக்காலத்தில் சோளத்தட்டு வருகிறது, மாட்டுக்கு ஆகிறது. கிணற்று நீர் முன்னைப் போல அவ்வளவு கரிப்பதில்லை. இருந்தாலும் குடிக்க இன்னும் வெளித்தண்ணீர்தான்.