ஈ.ஆர்.ஏ (கருவை ஏற்கக் கர்ப்பப்பை உட்சுவர் எப்போது தயாராகிறது என்று பார்ப்பது) பரிசோதனை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அக்காக்களுக்கும் தோழிகளுக்கும் வணக்கம். சோதனைக்குழாய் சிகிச்சையில் உறைய வைத்த கரு எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. போன தடவை நல்ல தரமான கரு என்று சொல்லித்தான் கர்ப்பப்பையில் வைத்தார்கள், ஒட்டவில்லை. இந்த மாத ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சுவர் 8 மி.மீ., சுவர் நன்றாக இருப்பதற்கு அடையாளமான மூன்று கோடும் தெளிவாகத் தெரிகிறது. இருந்தும் டாக்டர், "அடுத்து வைப்பதற்கு முன் ஈ.ஆர்.ஏ பார்க்கலாமா, யோசித்துச் சொல்லுங்கம்மா" என்கிறார்.

படித்துப் பார்த்ததில் தடிமன் மட்டும் போதாது என்று புரிகிறது. மாதவிடாய் முடிந்ததும் ஈஸ்ட்ரோஜன் சுவரை வளர்க்கிறது. முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சியை நிறுத்தி, சுரப்பிகளைச் சுரக்க வைத்து, செல்களையே பருக்க வைத்து மாற்றுகிறது. 28 நாள் சுழற்சியில் ஏறக்குறைய 20 முதல் 24ஆம் நாள் வரைதான் சுவர் கருவை ஏற்கும். மற்ற நாட்களில் அது சாத்திய கதவுதான். அந்த நாட்கள் எனக்குத் தள்ளிப்போகிறதா என்று, ஈ.ஆர்.ஏவில் சுவரிலிருந்து துளி சதை எடுத்து மரபணுச் செயல்பாட்டைப் பார்ப்பார்களாம்.

ஆனால் 2022இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இந்தப் பரிசோதனைப்படி நேரம் மாற்றி வைத்தவர்களுக்குக் குழந்தைப்பேறு கூடவில்லை. அதுதான் தயக்கம். செலவு ஒருபக்கம், ஒரு சுழற்சியே தள்ளிப்போகும்.

செய்தவர்களுக்கு நேரம் மாறி வந்ததா? சதை எடுக்கும்போது வலி எப்படி? ஹார்மோன் மாத்திரை இல்லாமல் இயற்கைச் சுழற்சியில் வைத்து யாருக்காவது கரு நின்றதா? டாக்டரிடம் வேறு என்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.