கொலாஜ்: 'படத்தொகுப்பு' வேண்டாம், 'ஒட்டோவியம்' எனலாம்

ஐயா, வணக்கம்.

தாள் துண்டுகளையும் பிற பொருள்களையும் ஒட்டிச் செய்யும் படமான கொலாஜுக்குத் தமிழில் 'படத்தொகுப்பு' என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லைத் திரைப்படக்காரர்கள் எடிட்டிங்குக்கு எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது. படத்தொகுப்பாளர் என்றால் யாருக்கும் வண்ணத்தாளும் பசையும் நினைவுக்கு வராது. பிரெஞ்சில் 'கொலாஜ்' என்ற சொல்லின் வேருக்கு ஒட்டுதல் என்றுதான் பொருள். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

'கலவை ஓவியம்' என்ற யோசனையும் எனக்கு ஒப்பவில்லை. கலந்துவிட்டால் எது எதுவென்று தெரியாது. கொலாஜில் தெரிய வேண்டும். 1912இல் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக், அந்நாட்டின் அவிஞ்யோன் ஊர்க் கடையொன்றில் மரரேகை அச்சிட்ட சுவர்த்தாளை வாங்கி, கீற்றுகளாக வெட்டி, கரிக்கோட்டுப் படத்தின் நடுவே ஒட்டினார். பார்ப்பவருக்கு அது மரமாகவும் தெரியும், கடையில் வாங்கிய தாளாகவும் தெரியும். ஒட்டுப்போட்ட சட்டை என்கிறோமே, அதில் ஒட்டு ஒட்டாகவே தெரிகிறதல்லவா? ஒட்டு மாங்கன்றிலும் கட்டிய இடத்தில் தழும்பு நிற்கும். இத்தனை பொருளும் ஏற்கனவே ஏறியிருக்கிற சொல்லை விட்டுவிடக் கூடாது.

சரி, ஒட்டுக்குப் பின்னால் என்ன வரும்? 'ஒட்டுப்படம்' என்றால் பிள்ளைகளின் ஸ்டிக்கர் என்று நினைப்பார்கள். 'ஒட்டுரு' கேட்க அழகு. ஆனால் ஜெர்மன் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸை எப்படி எழுதுவது? 1919 முதல் ஹனோவரில் டிராம் டிக்கெட்டுகளையும் பொருள் சுற்றிவந்த தாள்களையும் ஒட்டி, எந்த உருவமும் இல்லாத படங்களைச் செய்தவர் அவர். 'மெர்ஸ்' என்று அவற்றுக்கு அவர் வைத்த பெயரும், 'கொமெர்ஸ்' (வணிகம்) என்று அச்சிட்ட ஒரு விளம்பரத் தாளில் வெட்டுப்பட்டு மிஞ்சிய துண்டுதான். அவருடைய படத்தை 'அருவ ஒட்டுரு' என்றால் சொல்லுக்குள்ளேயே சண்டை. 'அருவ ஒட்டோவியம்' இடறாமல் நிற்கிறது. தூரிகை படாததை ஓவியம் எனலாமா என்று கேட்டிருந்தீர்கள். மணல் ஓவியம் என்கிறோமே, அதில் தூரிகை ஏது?

ஒரே படைப்பில் பல வகைப் பொருள்களைச் சேர்க்கும் மிக்ஸட் மீடியாவுக்குக் 'கலப்பு ஊடகம்' போதும். பல்லூடகம் மல்டிமீடியாவுக்குப் போய்விட்டது.

இன்னொரு சிறிய சொல்லையும் சேர்க்க ஆசை. வண்ணம் அச்சிட்ட தாளைக் கத்தரித்தால் ஓரம் நேர்க்கோடாக முடிந்துவிடும். கையால் கிழித்துப் பாருங்கள்: ஒரு துண்டின் ஓரத்தில் வண்ணம் உரிந்து, உள்ளிருக்கும் வெள்ளை நார் மெல்லிய கரைபோல வெளியே வரும். உருவமில்லாத படத்தில் அந்த வெள்ளைக் கரையே ஒரு கோடாக வேலை செய்யும். மேலே ஒட்டிய தாளுக்கும் கீழே இருக்கும் தாளுக்கும் நடுவே வெளிச்சம் கசிவதுபோல இருக்கும். இதற்கு நீளமான மொழிபெயர்ப்பு எதற்கு? 'பிசிறு' என்று நம் வாயிலேயே இருக்கிறது. கிழித்தது பிசிறோரம், கத்தரித்தது வெட்டோரம்.

அப்புறம், எனக்குத் தீராத ஒன்று. பாரிஸ் தெருக்களில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிழிந்து கிடந்த சுவரொட்டிகளை 1949 முதல் உரித்தெடுத்துப் படமாக்கினார் பிரெஞ்சுக் கலைஞர் ஜாக் வில்லெக்லே. அதை 'டெகொலாஜ்' என்பார்கள். கொலாஜின் நேர் எதிர். 'உரிப்போவியம்' என்று குறித்து வைத்திருக்கிறேன், வாய்க்கு இன்னும் பழகவில்லை. சுவரொட்டி உரிப்பவர்கள் அந்த வேலைக்கு என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.