புதுப்பிப்பு: மீனு இப்போது எப்படி இருக்கிறாள்

எனக்கு கோவிட் வந்த நான்காம் நாள் எங்கள் பூனை மீனு தும்ம ஆரம்பித்தாள், என்னிடமிருந்து ஒட்டியிருக்குமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. தேறிவிட்டாள். மூன்று நாள் மூக்கு ஈரமாகவே இருந்தது, இடது கண்ணோரம் பீளை. நெத்திலிக் கருவாட்டை முகர்ந்துவிட்டு விலகிப் போனபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. நேற்று காலை தட்டை நக்கியே காலி செய்துவிட்டாள்.

டாக்டர் பரிசோதனை எடுக்கவில்லை. வழக்கமான பூனைச் சளியாகவும் இருக்கலாம், என்னிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் இப்போதைக்குக் கவனிப்பு ஒன்றுதான் என்றார்.

"மனுஷ நோய் பூனைக்கு வராது" என்று சிலர் சொன்னீர்கள். வரும். 2020 ஏப்ரலில் நியூயார்க்கில் இரண்டு வீட்டுப் பூனைகளுக்கு உறுதியானது. அதற்குச் சில நாள் முன்பு அங்கேயே பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில் ஒரு புலிக்கு. நம் வண்டலூரில் 2021 ஜூனில் சிங்கங்களுக்கு வந்து, நீலா என்ற பெண் சிங்கம் இறந்தே போனது. வீட்டுப் பூனைகளுக்குப் பெரும்பாலும் லேசாகத்தான் வந்து போகிறது.

ஒரு வேண்டுகோள்: தொற்றுக்குப் பயந்து பூனையைச் சானிடைசரால் துடைக்காதீர்கள், நக்கினால் உடம்புக்குள் போகும். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் வேறு யாரையாவது சோறு வைக்கச் சொல்லுங்கள். மீனு என் தலையணையிலேயே தூங்குகிறவள், கதவுக்கு வெளியே நின்று கத்தினாள். அந்த ஐந்து ராத்திரியும் எனக்குத் தூக்கமே இல்லை.