கார்த்தி–கிளேர் நிச்சயம் – லஃபயெட் பயணக் குழு

ரேவதி: கிளேர் அப்பா போன் செய்தார். மார்ச் 20 வெள்ளிக்கிழமை இரவு அவர்கள் வீட்டில் நமக்கு விருந்தாம். அவரே கம்போ செய்கிறாராம். யார் என்ன சாப்பிடுவீர்கள் என்று இன்றைக்கே சொல்லுங்கள்.

விஜயா: கம்போ என்றால்?

பானு: குழம்பு மாதிரி அத்தை. சாதத்தோடு சாப்பிடுவது.

மூர்த்தி: காரமா?

சேகர்: அண்ணி, எந்த கம்போ என்று கேட்டீர்களா? கிளேர் அப்பா லஃபயெட் கேஜன். அம்மா நியூ ஆர்லியன்ஸ் கிரியோல்.

ரேவதி: கேட்கவில்லை தம்பி. எல்லாம் ஒன்றுதானே.

கார்த்தி: அம்மா, அதை மட்டும் அங்கே வந்து சொல்லிவிடாதே!!

சேகர்: விளக்கமாகச் சொல்கிறேன். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் அகேடியர் என்ற பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். 1755இல் தொடங்கி ஆங்கிலேயர்கள் அவர்களைக் கப்பலேற்றித் துரத்தினார்கள். அதில் பலர் 1760களில், இன்றைக்கு அமெரிக்காவில் லஃபயெட்டும் நியூ ஆர்லியன்ஸும் இருக்கிற லூசியானாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த வழி வந்தவர்கள்தான் கேஜன். சதுப்பு நிலத்திலும் புல்வெளியிலும் பிழைத்தவர்கள், அதனால் கோழி, பன்றி, ஆற்று மீன் என்று கிடைத்ததை ஒரே பாத்திரத்தில் போட்டுச் சமைத்தார்கள். கிரியோல் என்பது 1718இல் உண்டான நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரத்துச் சமையல். பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க, கரீபியக் கைகள் எல்லாம் அதில் உண்டு. அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள், பெயர் வாங்கியது வேறு ஆட்கள். சந்தை பக்கத்திலேயே இருந்ததால் வெண்ணெய், தக்காளி, இறால் எல்லாம் தாராளம்.

மூர்த்தி: காரமா என்று கேட்டேன்.

சேகர்: வருகிறேன் அண்ணா.

பானு: சித்தப்பா டைப் செய்கிறார். டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

விஜயா: ரேவதி, என் பெட்டியில் முறுக்குக்கு இடமில்லை.

சேகர்: கேஜன் என்றாலே நெருப்பு என்று நினைப்பது தவறு. லூசியானாவின் ஓபலூசாஸ் ஊர்ச் சமையல்காரர் பால் ப்ரூடோம் 1979இல் நியூ ஆர்லியன்ஸில் உணவகம் திறந்தார். ரெட்ஃபிஷ் மீனில் மசாலா தடவி, கருகக் கருக வாட்டிக் கொடுத்தார். நாடே அதன் பின்னால் ஓடி, கடைசியில் அந்த மீனைப் பிடிக்கக் கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. வெளியூர்க்காரர்கள் அதைத்தான் கேஜன் என்கிறார்கள். வீட்டில் செய்வது நம் நாக்குக்கு உறைக்கவே உறைக்காது.

மூர்த்தி: அப்போ ஊறுகாய் எடுத்து வருகிறேன்.

பானு: அப்பா, சம்பந்தி வீட்டில் பாட்டிலைத் திறந்தால் நான் உங்கள் பெண்ணே இல்லை.

கார்த்தி: காரம் பிரச்சினையே இல்லை. தக்காளிதான் பிரச்சினை. கிளேர் அம்மா தக்காளி, வெண்டைக்காய், இறால் போடுவார். அவள் அப்பா, கம்போவில் தக்காளியைக் கண்டால் எழுந்து போய்விடுவார். அவருக்கு மாவை எண்ணெயில் சாக்லேட் நிறம் வரும்வரை கிளற வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை யாரும் அவரிடம் பேசக் கூடாது. வெங்காயம், செலரி, குடைமிளகாய் இந்த மூன்றில் மட்டும் இருவருக்கும் சண்டை இல்லை.

பானு: ரசத்தில் தக்காளியா, வெறும் புளியா என்று 2009 பொங்கலுக்கு நம் வீட்டில் நடந்ததே, அது மாதிரி

விஜயா: அது ரசமே இல்லை. இன்றைக்கும் சொல்வேன்.

ரேவதி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

விஜயா: படித்துவிட்டேன் ரேவதி.

மூர்த்தி: விஷயத்துக்கு வாருங்கள்.

விஜயா: வெள்ளிக்கிழமை நான் கவிச்சி தொட மாட்டேன். அவ்வளவுதான்.

கார்த்தி: அத்தை, அவர்களும் அன்றைக்குக் கறி சாப்பிட மாட்டார்கள். தவக்காலம்.

விஜயா: நல்ல குடும்பம்டா கார்த்தி!

கார்த்தி: மீன், இறால், நண்டு சாப்பிடுவார்கள்

விஜயா: இதென்ன விரதம்?

சேகர்: அக்கா, கீரை கம்போ ஒன்று இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் லியா சேஸ் அம்மையாரால் பேர்பெற்ற டூக்கி சேஸ் உணவகத்தில் பெரிய வியாழனன்று போடுவார்கள். ஒன்பது வகைக் கீரை. ஆனால்

பானு: ஆனால்?

சேகர்: அவர்கள் பானையில் சாசேஜ் என்ற இறைச்சித் துண்டும் கிடக்கும்.

விஜயா: எனக்குத் தயிர் சாதம் போதும். அரிசியாவது கிடைக்குமா?

சேகர்: லஃபயெட்டுக்குப் பக்கத்து ஊர் க்ரௌலி, அந்தப் பக்கம் முழுக்க நெல் வயல்தான் அக்கா. அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் கட்டி, இறால் மாதிரி இருக்கும் க்ராஃபிஷ் வளர்க்கிறார்கள். மார்ச் அதற்கு நல்ல சீசன். மூட்டை மூட்டையாக வாங்கி அவித்து அப்படியே மேஜையில் கொட்டுவார்கள்.

மூர்த்தி: வயலைப் பார்க்க வேண்டும். கார்?

சேகர்: ஹூஸ்டனிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல். நான் ஓட்டுகிறேன்.

பானு: கார்த்தி, நீ வந்து கூட்டிக்கொண்டு போ. வழியெல்லாம் வரலாறு கேட்க முடியாது.

கார்த்தி: கம்போவை முதலில் முடியுங்கள். அவர் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

ரேவதி: இரண்டு விதமும் செய்யச் சொல்லலாமா?

கார்த்தி: இருப்பது ஒரு அடுப்படி அம்மா. வெள்ளிக்கிழமை என்பதால் இறாலும் நண்டும் என்று முடிவாகிவிட்டது, அதில் கிளேர் அம்மாவுக்கு வெற்றி. தக்காளி இல்லை, அது அப்பாவுக்கு. வெண்டைக்காயா, ஃபிலே பொடியா என்பதுதான் பாக்கி.

விஜயா: அது என்ன பொடி?

சேகர்: சாசஃப்ராஸ் இலையைக் காயவைத்து இடித்தது அக்கா. சோக்டா பழங்குடியினரிடமிருந்து வந்தது. குழம்பைக் கெட்டியாக்கும். இறக்கிய பிறகுதான் தூவ வேண்டும், கொதிக்கவிட்டால் நூல் நூலாக

மூர்த்தி: வெண்டைக்காய்.

விஜயா: வெண்டைக்காய். எனக்கு மட்டும் தனியாக வதக்கி.

ரேவதி: அப்போ வெண்டைக்காய் என்று சொல்லிவிடவா?

கார்த்தி: இரு அம்மா, கிளேரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

மூர்த்தி: சனிக்கிழமை கோழி கம்போ செய்வாரா என்றும் கேள்.