மண் ஈரமாக இருந்தும் தக்காளி வாடுகிறது: உப்புத் தண்ணீரா காரணம்?

செம்மண்காடு:
போர் தண்ணீரின் ஈசி (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், dS/m அலகில்) 3. சொட்டுநீர் தினமும் ஓடுகிறது, மண்ணைப் பிடித்தால் உருண்டை வருகிறது. ஆனாலும் பதினொரு மணிக்கு மேல் செடி தொங்கி, சாயங்காலம் நிமிர்கிறது. காயின் அடி கறுத்து அழுகுகிறது. தண்டை வெட்டினால் பழுப்புக் கோடு இல்லை, வேரும் வெள்ளையாகவே இருக்கிறது. ஏன் தண்ணீர் ஏறவில்லை?

வேர்ப்படுகை:
ஈரம் இருக்கிறது, வேரால் எடுக்க முடியவில்லை. மண் கரைசலின் ஈசி 7 ஆனால், உப்பு மட்டுமே சுமார் 2.5 பார் (அழுத்த அலகு) விசையோடு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நனைந்த மண் துகள்கள் பிடிப்பதோ 0.3 பாருக்குள்தான். அதற்கு மேல், வேர்ச் செல் சவ்வுகளில் தண்ணீரை விடும் அக்வாபோரின் புரதங்களின் வேலையும் உப்பால் குறைகிறது. நாள்பட்டால் புதிதாக உருவாகும் சைலக் குழாய்கள் (வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்கள்) குறுகலாகிவிடும். விட்டம் பாதியானால் அந்தக் குழாயின் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

அடி கறுப்பதும் இதன் தொடர்ச்சி. சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) சைலத் தண்ணீரோடு மட்டுமே பயணிக்கும். இலை அதிகம் இழுத்துக்கொள்ள, காயின் நுனிக்குக் கடைசியாகத்தான் சேரும். இலையில் தெளித்த கால்சியம் காய்க்கு இறங்காது. தெளிப்பதானால் இளங்காய் நனைய வேண்டும்.

சொட்டுவால்வு:
தக்காளி தாங்கும் எல்லை மண் நிறைசாற்றில் (மண்ணைத் தண்ணீரால் நிறைத்துப் பிரித்தெடுத்த சாறு) ஈசி 2.5. அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் சுமார் 10% குறையும். 3.5-ல் நிறுத்தப் பார்த்தால், கழுவுநீர்ப் பங்கு (விடும் தண்ணீரில் உப்பை வேருக்குக் கீழே கழுவ வேண்டிய பங்கு) 3 ÷ (5×3.5 − 3) = 0.21. செடிக்கு 4 மி.மீ. தேவை என்றால் 5 மி.மீ. விடுங்கள், அதாவது சதுர மீட்டருக்கு 5 லிட்டர். வடிகால் இல்லாத களிமண்ணில் இந்தக் கணக்கு உதவாது.

லேசான மழையில் சொட்டை நிறுத்தாதீர்கள். ஈர வட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கிய உப்பை அந்த மழை வேருக்கே தள்ளிவிடும். பொட்டாஷ் வேண்டுமானால் எம்ஓபி (பொட்டாசியம் குளோரைடு உரம்) தவிர்த்து சல்பேட் ஆஃப் பொட்டாஷ். அம்மோனியம் உரத்தைக் குறையுங்கள், அது கால்சியத்தோடு போட்டியிடும். மூடாக்கு போட்டால் மேல்மண்ணில் உப்பு பூப்பது குறையும்.

செம்மண்காடு:
ஜிப்சம் போட்டால் சரியாகுமா அண்ணே?

வேர்ப்படுகை:
சோடியம் மிகுந்த மண்ணுக்குத்தான் ஜிப்சம். வெறும் உப்பு என்றால் அது ஈசியைக் குறைக்காது, சற்றே கூட்டும். மண் பரிசோதனையில் பிஎச், ஈசியோடு மாற்றத்தகு சோடியமும் (மண் துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் சதவீதம்) கேளுங்கள். 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜிப்சம், பிறகு கழுவுநீர். மாதிரியை வெள்ளை பூத்த ஓரத்தில் எடுக்காமல், சொட்டுவாய்க்கும் செடிக்கும் நடுவே 15–20 செ.மீ. ஆழத்தில் எடுங்கள்.